24 மணி நேரத்துக்குள்: ஆட்டிசம் ஆய்வுக்கான மூளை தானம் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் டீன்களுக்கும், சட்டம் சார்ந்த மருத்துவம், நோயியல், உடற்கூறியல் துறைகளின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

ஆட்டிசம் உள்ள ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய மூளையை ஆய்வுக்குக் கொடுக்கக் குடும்பம் சம்மதிக்கிறது. அடுத்து யாரைக் கூப்பிடுவது? உடலை எங்கே வைப்பது? மண்டையோட்டை யார் திறப்பார்? எடுத்த மூளையை எதில், எந்த வெப்பநிலையில் வைப்பார்? இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த விடை இருந்தால்தான் அந்தச் சம்மதம் ஆய்வகம் வரை போய்ச் சேரும். இறந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், அதுவும் உடல் குளிரில் இருந்தால். அதற்குள் எடுக்காத மூளையில் ஆய்வாளர் தேடும் ஆர்.என்.ஏ. (எந்த மரபணு செயல்படுகிறது என்று காட்டும் மூலக்கூறு) சிதைந்துபோயிருக்கலாம். அந்த 24 மணி நேரத்துக்கு ஒரு நடைமுறையை வகுத்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மூளைத் திசுவோடும் ஆட்டிசம் உள்ளவர்களோடும் வேலை செய்பவர்கள் என்ற முறையில், எது எங்கே தவறும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

உடல் தானத்துக்கு உடற்கூறியல் துறையில் படிவம் இருக்கிறது. கண்ணுக்குக் கண் வங்கி இருக்கிறது. உறுப்புகளுக்கு டிரான்ஸ்டான் (தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்) இருக்கிறது. ஆய்வுக்கான மூளை தானம் இந்த மூன்றிலும் அடங்காது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் சிகிச்சைக்கான தானத்தைப் பற்றியது. உறுப்பு தான அட்டையில் கையெழுத்துப் போட்டால் மூளையும் ஆய்வுக்குப் போய்விடும் என்று நினைப்பது தவறு. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மூளைச்சாவு அடைந்து, வென்டிலேட்டரில் இருந்து உறுப்புகளைக் கொடுத்தவரின் மூளை இந்த ஆய்வுக்கு அநேகமாகப் பயன்படாது. ரத்த ஓட்டம் நின்ற மூளை, உடல் சூட்டிலேயே பல மணி நேரம் கிடந்து குழைந்துபோயிருக்கும். ஆகவே டிரான்ஸ்டான் ஒருங்கிணைப்பாளர்களிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது வேறு உதவி: துக்க வீட்டாரிடம் நடு இரவில் எப்படிப் பேசுவது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயிற்சியைக் கடன் வாங்கலாம்.

அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாக்கி, உயிரணு (செல்) அளவில் பார்க்கக்கூடிய வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. மூளையை எடுக்கவும் வெட்டவும் பதப்படுத்தவும் தெரிந்த கைகள் ஒரு ராத்திரிப் பயண தூரத்துக்குள் இருக்கின்றன. ஆட்டிசத்துக்கென்றே உருவான முறைக்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1998-ல் பெற்றோர் அமைப்பு ஒன்று ஆட்டிசம் திசுத் திட்டத்தைத் தொடங்கியது. 2014-ல் சைமன்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் ஆட்டிசம் பிரெயின்நெட் வந்தது: எந்நேரமும் எடுக்கப்படும் ஒரே தொலைபேசி எண், பல நகரங்களில் சேகரிப்பு மையங்கள், எல்லா மையங்களிலும் ஒரே செய்முறை, குடும்பத்துக்கு ஒரு காசு செலவில்லை.

மூளைத் திசுவே எதற்கு, ஸ்கேன் போதாதா என்று நிதித் துறையில் யாராவது கேட்பார்கள். எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் உயிரணுக்கள் அடங்கிவிடும். எந்த அணு கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது, எந்த மரபணு எந்த அணுவில் அடங்கிக் கிடக்கிறது என்பதைத் திசுவில்தான் பார்க்க முடியும். 1985-ல் மார்கரெட் பாமனும் தாமஸ் கெம்பரும், ஆட்டிசம் உள்ள 29 வயது ஆண் ஒருவரின் மூளையை வெட்டிப் பார்த்து, சிறுமூளையில் பர்கிஞ்சி அணுக்கள் என்ற பெரிய நரம்பணுக்கள் குறைந்திருப்பதை எழுதினார்கள். ஒரே ஒரு மூளை. 2011-ல் எரிக் கூர்ஷேன் குழு, முன்மூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கு) நரம்பணுக்கள் 67 சதவீதம் கூடுதலாக இருப்பதாகக் கண்டது; பார்த்தது ஆட்டிசம் உள்ள 7 சிறுவர்களின் மூளைகள், ஒப்பீட்டுக்கு 6. 2014-ல் வந்த ஆய்வில் 11 குழந்தைகளில் 10 பேருக்குப் புறணி அடுக்குகள் திட்டுத் திட்டாகக் கலைந்திருந்தன; ஒப்பீட்டுக்கு எடுத்த 11 பேரில் ஒருவருக்கு மட்டும். உயிரணுக்களின் கருக்களைத் தனித்தனியாகப் பிரித்து மரபணுச் செயல்பாட்டைப் படித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வுக்கு ஆட்டிசம் உள்ள 15 பேர், ஒப்பீட்டுக்கு 16 பேர். உலகம் முழுதும் பேசப்பட்ட கண்டுபிடிப்புகள் இவை. ஒவ்வொன்றுக்கும் கிடைத்த மூளைகள் ஒரு வகுப்பறையை நிரப்பாது.

எண்ணிக்கை குறைவாக இருப்பதால் வரும் சிக்கலை 2018-ல் அமிக்டலா (உணர்ச்சிகளோடு தொடர்புடைய சிறு மூளைப் பகுதி) பற்றி வந்த ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. 52 மூளைகளை வயது வரிசையில் வைத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அமிக்டலாவில் நரம்பணுக்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவும், பெரியவர்களான பிறகு குறைவாகவும் இருந்தன. குழந்தைகளின் மூளைகள் மட்டும் கிடைத்திருந்தால் முடிவு ஒரு மாதிரி. பெரியவர்களின் மூளைகள் மட்டும் கிடைத்திருந்தால் நேர் எதிர். அதனால் சிறுவர் மட்டும் போதாது, 60 வயதுக்காரரும் வேண்டும். பெண்கள் வேண்டும், சேகரிப்புகளில் எப்போதுமே அவர்கள் குறைவு. வலிப்பு உள்ளவரும் இல்லாதவரும் வேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு செய்த மாற்றத்தை ஆட்டிசத்தின் தலையில் கட்டிவிடுவோம். ஆட்டிசம் இல்லாதவர்களின் மூளையும் அதே அளவுக்கு வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மக்கள் அறவே கேள்விப்பட்டதில்லை. ஆட்டிசம் உள்ளவரின் அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் கொடுக்கலாம். ஒப்பிட ஆளில்லாமல் ஒரு ஆய்வும் நகராது.

இனி அந்த 24 மணி நேரம்.

மரணம் வீட்டில் நடந்தால் முதல் தடை மருத்துவச் சான்று. வீட்டு மரணத்துக்குப் படிவம் 4ஏ-யில் இறப்பின் காரணத்தை எழுதிக் கொடுக்க ஒரு மருத்துவர் வர வேண்டும். இரவு 11 மணிக்கு உயிர் போனால் காலை வரை காத்திருப்பதே வழக்கம். அதிலேயே எட்டு மணி நேரம் போய்விடுகிறது. அந்த எட்டு மணி நேரமும் உடல் மின்விசிறிக்கு அடியில் கிடந்தால் நிலைமை மோசம். குளிரில் இருந்தால் அவ்வளவு நஷ்டமில்லை. நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: சின்ன ஊரில்கூட ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அது உடலை வெளியிலிருந்து குளிர்விக்கிறது. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்குக் குளிர் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். உறவினர் ஒவ்வொருவரும் வந்து மூடியைத் திறந்து திறந்து மூடினால் இன்னும் தாமதம். ஆகவே தொலைபேசியை எடுப்பவர் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: பெட்டியை உடனே வரவழையுங்கள், 2 முதல் 4 டிகிரியில் வையுங்கள், பூஜ்ஜியத்துக்குக் கீழே இறக்காதீர்கள், துணியில் சுற்றிய ஐஸ் பைகளைத் தலைக்கு இரு பக்கமும் பிடரியிலும் வையுங்கள். கூடுதல் குளிர் நல்லதுதானே என்று பெட்டியைக் கடைசி எண்ணுக்குத் திருப்புகிறவர்கள் உண்டு. மெதுவாக உறையும் மூளையில் பனிப் படிகங்கள் வளர்ந்து அணுச் சுவர்களைக் கிழித்துவிடும். பிறகு எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அணுக்களின் உருவத்தைப் பார்க்க வழியில்லை.

எம்பாமிங் செய்யக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வருவதற்காக எம்பாமிங் செய்யச் சொல்லும் குடும்பங்கள் அதிகம். அது தேவையென்றால் மூளையை எடுத்த பிறகு செய்துகொள்ளலாம். வரிசை மாறினால் ஆர்.என்.ஏ. போய்விடும்.

உடலை மருத்துவமனைக்கு யார் கொண்டுவருவது? அமரர் ஊர்தி, அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு உடலைக் கொண்டுபோகும் சேவை. இங்கே வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து மறுபடி வீட்டுக்கும் போக வேண்டும். இதற்கு ஒரு அரசாணை வேண்டும். மூளையை எடுப்பதற்கு அதிகம் போனால் ஒரு மணி நேரம் ஆகும். போக்குவரத்தைச் சேர்த்தால் நான்கைந்து மணி நேரத்தில் உடல் வீடு திரும்பிவிடலாம். மறுநாள் அடக்கம் என்றாலும் தடையில்லை. விரைந்து அடக்கம் செய்யும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த நேரக் கணக்கைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்; காத்திருக்க முடியாது என்று அவர்கள் சொன்னால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

மூளையை எடுக்கும் விதத்தைப் பற்றி டீன்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிணவறையில் தினமும் நடக்கும் வேலைதான். ஆனால் போஸ்ட்மார்ட்டத்துக்கு எடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு காதின் பின்புறத்திலிருந்து மறு காதின் பின்புறம் வரை, உச்சியில் அல்லாமல் கூடுமானவரை பின்னந்தலையை ஒட்டி வெட்டினால் தையல் முடிக்குள்ளோ தலையணையிலோ மறையும். ரம்பம் மூளை உறையைத் தாண்டி இறங்கக் கூடாது. புறணியில் விழும் ஒரு கோடு, அந்தப் பகுதியைக் கேட்டு ஐந்து வருடமாகக் காத்திருக்கும் ஆய்வாளருக்கு இழப்பு. மண்டையோட்டை வட்டமாக அறுக்காமல் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணப் பள்ளம் விட்டு அறுத்தால், திரும்ப மூடும்போது ஓடு நெற்றிப் பக்கம் வழுக்காமல் பொருந்தி உட்காரும். மூளைத் தண்டை அறுக்கும்போது கூடுமானவரை கீழே இறங்கி அறுக்க வேண்டும், சிறுமூளையைப் பிய்க்காமல் எடுக்க வேண்டும். அவசரத்தில் நெற்றி மடலைப் பிடித்து இழுத்தால், ஆட்டிசம் ஆய்வில் அதிகம் கேட்கப்படும் பகுதியே நசுங்கிவிடும்.

எடுத்த பிறகு, உள்ளே பஞ்சை நிரப்பி நெருக்கமாகத் தைக்க வேண்டும். இது அழகுக்காக மட்டும் இல்லை. வீட்டுக்குப் போனதும் உடலைக் குளிப்பாட்டுவார்கள். தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் தையலிலிருந்து ரத்தநீர் கசிந்தால், அந்தத் தெருவில் இனி ஒருவரும் மூளை தானத்துக்குச் சம்மதிக்க மாட்டார்கள். எத்தனை விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டினாலும் இந்த ஒரு கசிவு அவ்வளவையும் அழித்துவிடும். தையலைப் பிணவறை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போகாமல், பொறுப்பு மருத்துவர் கடைசிவரை கூட இருக்க வேண்டும் என்று நடைமுறையில் எழுதுங்கள்.

எடுத்த மூளையை உடனே எடை போட்டு (பெரியவர்களுக்கு 1,200 முதல் 1,400 கிராம் வரை வரும்) எல்லாப் பக்கமும் படம் எடுக்க வேண்டும். அந்த மருத்துவமனையிலேயே பதப்படுத்த வசதியில்லை என்றால், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்று நீக்கிக் கட்டி, நொறுக்கிய ஐஸ் நிறைந்த பெட்டியில் வைத்து அனுப்பலாம். பை ஓட்டையாக இருந்து ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்கினால் திசு நீரை உறிஞ்சி ஊதிவிடும். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜெல் பேக்கை நேராக மூளைமேல் வைத்தால் தொட்ட இடம் உறைந்துபோகும். உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரியில் இருப்பது. உறைய வைக்காத மூளையோடு அதை வைக்கவே கூடாது.

பதப்படுத்தும் இடத்தில் மூளையை நடுவில் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஒரு பாதி ஃபார்மலினுக்கு, மறு பாதி உறைகலனுக்கு. ஃபார்மலினில் போட்டது அணுக்களின் அமைப்பையும் எண்ணிக்கையையும் சொல்லும். உறைய வைத்தது மரபணுச் செயல்பாட்டையும் புரதங்களையும் சொல்லும். எப்போதும் வலப் பாதியையே உறைய வைப்பது என்று ஒரு பழக்கம் உருவாகிவிட்டால், பெரும்பாலோருக்கு மொழி இருக்கும் இடப் பக்கத்தின் ஆர்.என்.ஏ. ஒருபோதும் கிடைக்காது. பேச்சு இல்லாத ஆட்டிசத்தைப் புரிந்துகொள்ள நினைக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய குறை! பதிவெண் ஒற்றைப்படை என்றால் இடது, இரட்டைப்படை என்றால் வலது என்று முதல் நாளே விதி வைத்துவிடுங்கள்.

ஃபார்மலினில் நடக்கும் தவறு பெரும்பாலும் பாத்திரத்தின் அளவில் தொடங்குகிறது. திசுவின் கொள்ளளவைப் போலக் குறைந்தது 10 மடங்கு கரைசல் வேண்டும். பாதி மூளைக்கு 7 லிட்டர். அதாவது மூடியுள்ள 10 லிட்டர் வாளி. கையில் கிடைத்த இரண்டு லிட்டர் ஜாடியில் அமுக்கி வைத்தால் வெளிப்புறம் கெட்டியாகி, உட்புறம் கரைசல் சேராமல் அழுகும். கிருமிகள் உண்டாக்கும் வாயு, மூளைக்குள் தேன்கூடுபோல ஓட்டைகளை விடும். கடையில் வாங்கும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீதம். அதில் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம், இது ஒரு லிட்டருக்கான அளவு. உப்புகளைச் சேர்க்காமல் வெறும் குழாய்த் தண்ணீரில் கலந்தால் நாளடைவில் கரைசல் அமிலமாகிவிடும். திசுவில் கறுப்பு நிறமி படிந்து நுண்ணோக்கியில் பார்ப்பவரைக் குழப்பும். மூளையை வாளியின் அடியில் உட்கார விடாமல் நூலில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் ஒரு தடவை, ஒரு வாரத்தில் இன்னொரு தடவை கரைசலை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வெட்டலாம். வருடக்கணக்கில் ஃபார்மலினிலேயே விட்டுவைத்தால் புரதங்களைச் சாயமேற்றிப் பார்ப்பது கடினமாகும். முக்கியப் பகுதிகளைச் சீக்கிரமே பாரஃபின் மெழுகில் பதித்த கட்டிகளாக்கிவிடுவது நல்லது.

உறைய வைக்கும் பாதியை ஒரு சென்டிமீட்டர் அளவுத் தடிமனில் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு வில்லையையும் அளவுகோலோடு படம் எடுத்து, முன்பே குளிர்வித்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து வேகமாக உறைய வைக்க வேண்டும். வேகம்தான் எல்லாம்; காரணத்தை ஃப்ரீசர் பாக்ஸ் விஷயத்திலேயே சொல்லிவிட்டோம். உறைந்ததும் காற்றுப் புகாமல் பையிலிட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் திசு உலர்ந்து சருகாகும். சாதாரண ஸ்டிக்கர் மைனஸ் 80 டிகிரியில் உரிந்து விழும். மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் அழியும். பெயர் தெரியாத வில்லைக்கு மதிப்பில்லை, ஆகவே உறைகலனுக்கென்றே செய்த லேபிளும், பைக்குள் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டும் சேர்ந்தே இருக்கட்டும். சிறுமூளையிலிருந்து ஒரு துண்டை அரைத்து பி.எச். (அமிலத்தன்மை அளவு) பாருங்கள். 6-க்கும் கீழே என்றால், இறப்பதற்கு முன் அவர் வெகுநேரம் மூச்சுத் திணறியோ காய்ச்சலிலோ இருந்திருக்கலாம். அந்தத் திசுவைத் தூக்கிப் போட வேண்டாம், மரபணுத் தொடருக்கு அது போதும். ஆனால் அந்த எண் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

உறைகலனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். 2012 மே மாத இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஹார்வர்டோடு இணைந்த மெக்லீன் மருத்துவமனையின் மூளை வங்கியில் ஓர் உறைகலன் பழுதானது. வெளியே இருந்த திரை மைனஸ் 79 என்றே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு எச்சரிக்கை மணிகளும் ஒலிக்கவில்லை. திறந்து பார்த்தபோது உள்ளே வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைதான். சுமார் 150 மூளைகள் இளகிப்போயிருந்தன. அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஆட்டிசம் உள்ளவர்களுடையவை. அன்று உலகிலேயே பெரிதாக இருந்த ஆட்டிசம் மூளைச் சேகரிப்பில் மூன்றில் ஒரு பங்கு அது. ஃபார்மலினில் இருந்த பாதிகள் தப்பின. உறைந்திருந்த பாதிகளை நம்பித் திட்டமிட்ட ஆய்வுகள் நின்றுபோயின. ஒவ்வொரு மூளைக்குப் பின்னாலும், மகனையோ மகளையோ இழந்த அன்றே தொலைபேசியில் சம்மதம் சொன்ன ஒரு தாய் தகப்பன் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மின்தடை சகஜமான ஊரில் வேலை செய்யும் நமக்கு அந்தச் சம்பவத்தில் எல்லாப் பாடமும் இருக்கிறது. திரை காட்டும் எண்ணைத் தரும் உணரியை நம்பக் கூடாது. தனி பேட்டரியில் இயங்கும் இரண்டாவது வெப்பமானி உள்ளே இருக்க வேண்டும், அது நேராகக் கைபேசிக்கு அழைக்க வேண்டும், முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாம் ஆளுக்கு. மாதம் ஒரு தடவை மணியை வேண்டுமென்றே அடிக்கவைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மூளையின் வில்லைகளை இரண்டு உறைகலன்களில், முடிந்தால் இரண்டு கட்டடங்களில் பிரித்து வைக்க வேண்டும். ஒரு உறைகலன் எப்போதும் காலியாக, குளிர்ந்த நிலையில், மாற்றுவதற்குத் தயாராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காலியாக ஓடும் உறைகலனுக்கு மின்கட்டணம் எதற்கு என்று தணிக்கையில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். வைரஸ் ஆய்வகங்களில் மைனஸ் 80 உறைகலன்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் அவற்றில் ஓரிரு அடுக்குகளை ஒதுக்கினாலே போதும்.

அடுத்து போலீஸ் சம்பந்தப்பட்ட மரணங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் இளம் வயதில் இறப்பவர்கள் பலர் தண்ணீரில் மூழ்கியோ வலிப்பு வந்தோ இறக்கிறார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-ஆம் பிரிவில் விசாரணை, பிறகு போஸ்ட்மார்ட்டம். குடும்பம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மூளை வெளியே எடுக்கப்படுகிறது. மேசையில் வைத்தே வெட்டிப் பார்த்து, உடலுக்குள்ளேயே வைத்துத் தைத்துக் கொடுப்பது வழக்கம். அதே மேசையில், குடும்பத்தின் எழுத்துச் சம்மதமும் விசாரணை அதிகாரியின் ஆட்சேபணையின்மையும் இருந்தால், வழக்குக்கு வேண்டியதைப் பார்த்த பிறகு மீதியைப் பதப்படுத்த முடியும். அமெரிக்காவிலும் மரண விசாரணை அதிகாரிகளின் ஒத்துழைப்பில் இளம் வயதினரின் மூளைகள் பல கிடைத்தன. நமக்கு வேண்டியது ஒரு பக்கப் படிவம், காவல் நிலையத்துக்கு ஒரு சுற்றறிக்கை, போஸ்ட்மார்ட்டம் தொடங்கும் முன் பேச ஒரு தொலைபேசி எண். வழக்குக்குத் தேவை என்று மருத்துவர் கருதினால் வழக்குதான் முதலில். அதில் விவாதமே வேண்டாம்.

சம்மதத்தைப் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. முன்பதிவு வேறு, சம்மதம் வேறு. உயிரோடு இருக்கும்போது பதிவு செய்வது விருப்பத்தைச் சொல்வது. இறந்த பிறகு நெருங்கிய உறவினர் தரும் சம்மதமே செல்லும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமித்த காப்பாளர், தானே கையெழுத்துப் போடலாம் என்று எண்ணிவிடக் கூடும். காப்பாளர் பொறுப்பு உயிரோடு இருப்பவருக்கானது. மரணத்தோடு அது முடிகிறது. காப்பாளரே தகப்பனாகவோ அக்காவாகவோ இருந்தால் சிக்கலில்லை. விடுதியில் வளர்ந்தவராக, உறவினர் யாரென்றே தெரியாதவராக இருந்தால் எடுக்கவே கூடாது. கேட்பாரற்ற உடல் என்று சொல்லி அனாட்டமிச் சட்டத்தின் வழியாக இந்த மூளைகளைச் சேர்க்கும் யோசனை எங்கிருந்தாவது வந்தால், அதைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தாங்களே முடிவு செய்ய முடியும். அவர்களுக்காக எளிய தமிழில், படங்களோடு, ஒரு பக்கத்துக்கு ஒரு செய்தி என்ற அளவில் படிவம் வேண்டும். இந்த ஆய்வு எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். ஆட்டிசமே இல்லாத உலகம் வேண்டும் என்பதற்காகவா என்று சிலர் நேராகவே கேட்பார்கள். நியாயமான கேள்வி அது. திசுவை எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் அவர்களில் குறைந்தது இருவருக்கு வாக்குரிமை கொடுங்கள். வேண்டாம் என்று பதிவு செய்யவும் ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும். ஆட்டிசம் உள்ளவரே அதில் குறி போட்டிருந்தால், பிறகு பெற்றோர் சம்மதித்தாலும் எடுக்காதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரோ தெரபிஸ்டோ இதைக் கேட்கக் கூடாது. மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்ற பயம் ஒரு தாய்க்கு ஒரு நொடிகூட வரக் கூடாது.

மூளையோடு சேர்ந்து வர வேண்டியது தகவல். ஐ.எஸ்.ஏ.ஏ. (ஆட்டிசத்தை அளவிடும் இந்திய அளவுகோல்) மதிப்பெண், மாற்றுத்திறனாளி அட்டை, சாப்பிட்ட மருந்துகள், வலிப்பு வந்த தேதிகள், மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கை, சிறப்புப் பள்ளி எழுதிய குறிப்புகள். வலிப்பு மருந்து எடுத்தாரா என்று தெரியாத மூளையைப் பல ஆய்வாளர்கள் ஏற்க மாட்டார்கள். இவற்றைத் துக்க வீட்டில் கேட்க வேண்டாம். முன்பதிவின்போதே நகலெடுத்து ஓர் உறையில் வைத்திருக்கலாம். குழந்தைப் பருவம் பற்றிய விரிவான நேர்காணலைச் சில வாரங்கள் கழித்து, குடும்பம் தயாரான பிறகு வைத்துக்கொள்ளலாம். உடல் தானமும் செய்ய நினைப்பவர்கள், மூளை எடுத்த உடலை ஏற்பீர்களா என்று உடற்கூறியல் துறையிடம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். கண் தானத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

தொடங்கும்போது பெரிதாகத் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். சென்னையிலும் மதுரையிலும் ஒவ்வொரு மருத்துவமனை, எடுக்கப் பயிற்சி பெற்ற மூன்று மூன்று மருத்துவர்கள், இரவிலும் எடுக்கப்படும் ஒரே எண், நிம்ஹான்ஸோடு ஓர் ஒப்பந்தம். மருத்துவக் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுக்களுக்கு 2017-ஆம் ஆண்டின் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டியே போதுமான அடித்தளம். முதல் வருடம் இரண்டு மூளை கிடைத்தாலும் சரி, அவை ஒழுங்காக எடுக்கப்பட்டவையாக இருக்கட்டும். எண் அறிவித்துவிட்டு இரவில் யாரும் எடுக்காவிட்டால், அதற்குப் பேசாமல் அறிவிக்காமலே இருக்கலாம்.

கடைசியாக, நரம்பு நோயியல் அறிக்கை. மூளையைப் பார்த்து முடித்ததும் அதில் என்ன தெரிந்தது என்று குடும்பத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். இத்தனை வருடம் பிள்ளைக்கு ஏன் வலிப்பு வந்தது என்பதற்கான விடை சில நேரம் அதில்தான் இருக்கும். பரம்பரையாக வரக்கூடிய ஒன்று தெரிந்தால் தம்பி தங்கைகளுக்கும் அது பொருந்தும். அதைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று சம்மதத்தின்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அறிக்கையை ஆங்கிலத்தில் தபாலில் அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். தமிழில் எழுதி, ஒரு மருத்துவர் நேரில் உட்கார்ந்து விளக்கி, அம்மா அப்பாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். அந்த மருத்துவர் யார் என்பதை, முதல் உறைகலனை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மூளைத் திசுப் பணியிலும் ஆட்டிசம் பணியிலும் இருப்பவர்கள்